போன் ராத்திரி தூங்குகிறதா என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் தென்காசி மாவட்டத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என்னுடையது ஒன்றரை வருஷம் ஆன ஆண்ட்ராய்டு போன், 5000 எம்ஏஎச் பேட்டரி. ராத்திரி பத்தரைக்குப் படுக்கும்போது 92 சதவீதம் இருந்தால், காலை ஐந்தரைக்கு எழும்போது 55தான் இருக்கிறது. இடையில் நான் தொடுவதே இல்லை. கடையில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது என்று சொல்லி 1,600 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பேட்டரி சேவர், கிளீனர் என்று இரண்டு ஆப் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. ராத்திரியில் நெட்டை அணைத்து வையுங்கள் என்கிறார்கள். என் கணவர் லாரி ஓட்டுகிறார், நாக்பூர் வரை போய் வருவார். நடுராத்திரி வண்டியை ஓரங்கட்டும்போது வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க ஒரு ஃபேமிலி லொகேஷன் ஆப்பும் வைத்திருக்கிறோம். அதனால் நெட்டை அணைக்க மனசு வரவில்லை. மறுபடியும் பேட்டரி மாற்றவேண்டுமா, இல்லை போனையே மாற்றவேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் வேண்டாம். ராத்திரியில் நெட்டை அணைக்கவும் வேண்டாம். நீங்கள் படுத்த பிறகு உங்கள் போன் படுக்கவில்லை. ஏதோ ஒன்று அதைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அது எது என்பதற்கான தடயம் பாதிக்கு மேல் உங்கள் கடிதத்திலேயே கிடைத்துவிட்டது.

முதலில் பேட்டரி மேல் ஏன் பழி போடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். 1,600 ரூபாய் போனது அந்த இடத்தில்தான். 92-லிருந்து 55, அதாவது ஏழு மணி நேரத்தில் 37 சதவீதம். 5000 எம்ஏஎச்சில் 37 சதவீதம் என்றால் 1,850. அதை ஏழால் வகுத்தால், சும்மா கிடக்கும் போன் மணிக்கு 264 எம்ஏஎச் குடித்திருக்கிறது. சிம் போட்டு, நெட் போட்டு, ஒழுங்காகத் தூங்கும் போன் மணிக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குடிக்கக்கூடாது. ராத்திரி முழுக்க நாலு முதல் ஏழு சதவீதம் இறங்கினால் அது சாதாரணம். உங்களுடையது அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

பேட்டரி தேய்ந்திருந்தால் இப்படி ஆகுமா? ஒன்றரை வருஷத்தில் ஒரு நல்ல லித்தியம் பேட்டரி, தினமும் முழுசாக சார்ஜ் போட்டாலும், 80 சதவீதக் கொள்ளளவை ஒட்டி நிற்கும். அந்த நிலையில் ஆறு சதவீதம் இறங்கவேண்டிய ராத்திரியில் ஏழரை சதவீதம் இறங்கும், அவ்வளவுதான். அந்த ஆறு சதவீதம் முப்பத்தேழு சதவீதமாக வேண்டுமென்றால் பேட்டரி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும். அப்படிச் சுருங்கிய பேட்டரி பகலில் பாதி நாள்கூடத் தாங்காது. தேய்ந்த பேட்டரிக்கு வேறு அடையாளங்கள் உண்டு. 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும். கேமராவைத் திறந்தால் அணையும். பின்பக்கம் உப்பும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. பழையதும் புதியதும் ஒரே வேகத்தில் இறங்குகிறது என்றால் தொட்டியில் ஓட்டை இல்லை, யாரோ குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு கடமை இருக்கிறது. நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என் கடைக்கு இதே புகாரோடு வந்தார். பேட்டரி மாற்றினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். போட்ட பேட்டரி சரியில்லை என்று நானே முடிவு செய்து வேறொன்று போட்டேன், அதற்கும் பாதிப் பணம் வாங்கினேன். மூன்றாவது முறை வந்தபோதுதான் உட்கார்ந்து பேட்டரி உபயோகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் தினமும் நல்ல நேரம் பார்க்க ஒரு பஞ்சாங்க ஆப் வைத்திருந்தார். ஊருக்கு ஊர் சூரிய உதயம் மாறும் என்பதால் அது இருப்பிடத்தை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்துநாலு மணி நேரமும். அந்த ஒரு அனுமதியை மாற்றியதும் சரியாகிவிட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்தப் புகாரோடு வரும் எந்தப் போனையும் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் நான் திறப்பதில்லை.

சரி, போன் தூங்குவது என்றால் என்ன? திரை அணைந்தால் போன் தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. திரை அணைந்த பிறகு போனின் மூளையான பிராசஸர் தன் வேலைகளை முடித்துவிட்டு ஏறக்குறைய முழுசாக நின்றுவிட வேண்டும். அதுதான் தூக்கம். அப்போது நெட்வொர்க்கைக் கவனிக்கும் மோடம் மட்டும் நொடிக்கு ஒருமுறைபோலக் கண்ணைத் திறந்து, டவரிலிருந்து நமக்கு ஏதாவது கூப்பாடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். 4ஜியில் இந்த இடைவெளி பெரும்பாலும் 1.28 நொடி. அழைப்பு வந்தால் மோடம்தான் பிராசஸரைத் தட்டி எழுப்பும். அதனால்தான் தூங்கும் போனிலும் ரிங் அடிக்கிறது.

ஆனால் ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு உரிமை உண்டு. எனக்கு வேலை இருக்கிறது, தூங்காதே என்று பிராசஸரைப் பிடித்து வைக்கலாம். இதற்கு வேக்லாக் என்று பெயர். பாட்டு கேட்கும்போது திரை அணைந்தும் பாட்டு நிற்காமல் ஓடுவது இதனால்தான். அது நியாயமான வேக்லாக். வேலை முடிந்தும் பிடியை விடாத ஆப்தான் பிரச்சினை. பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2015 அக்டோபரில் ஐபோன்களில் ஃபேஸ்புக் ஆப் பேட்டரியைத் தின்கிறது என்று ஊரெல்லாம் புகார் வந்தது. அதன் பொறியாளர்களே தேடிப் பார்த்து இரண்டு தவறுகளை ஒத்துக்கொண்டார்கள். ஒன்று, நெட்வொர்க் பகுதியில் பிராசஸர் ஒரே கேள்வியைச் சும்மா சும்மா கேட்டுச் சுழன்றுகொண்டிருந்தது. இன்னொன்று, வீடியோ பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகும் ஒலிக்கான இணைப்பு மூடப்படாமல், சத்தமே இல்லாத ஒரு பாட்டை ஓட்டுவதுபோல ஆப் விழித்திருந்தது. 2025 மே மாதத்தில் ஆண்ட்ராய்டு போன்களில் இன்ஸ்டாகிராம் இதேபோல் பேட்டரியைக் குடித்து, அப்டேட் வந்த பிறகுதான் சரியானது. அதனால் ஆப்களை அவ்வப்போது அப்டேட் செய்வது வீண்வேலை இல்லை.

கூகுள் இதைக் கட்டுப்படுத்தப் பல வருஷமாகப் பாடுபடுகிறது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் டோஸ் என்று ஒரு ஏற்பாடு வந்தது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், போன் அசையாமல் கிடந்தால், எல்லா ஆப்களின் சில்லறை வேலைகளையும் ஒத்திப்போட்டு, எப்போதாவது ஒருமுறை கதவைத் திறந்து மொத்தமாக முடிக்கச் சொல்லும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் ஓடும் சேவைகளுக்கும் இருப்பிடம் கேட்பதற்கும் வரம்பு வைத்தது. 2018-ல் ஆண்ட்ராய்டு 9, நீங்கள் அடிக்கடி திறக்கும் ஆப் எது, திறக்கவே திறக்காத ஆப் எது என்று பார்த்து, அதற்கேற்ப வாய்ப்பளிக்க ஆரம்பித்தது. வேக்லாக்கை விடாத ஆப்களை பிளே ஸ்டோரில் கீழே தள்ளுவோம், பக்கத்திலேயே எச்சரிக்கை போடுவோம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், நியாயமான காரணம் இல்லாமல், திரை அணைந்த நிலையில் பிராசஸரைப் பிடித்து வைத்தால் அது மிகை என்பது கணக்கு. 2026 மார்ச் 1 முதல் அமல் என்றார்கள்.

இவ்வளவு காவல் இருந்தும் எப்படி ஒழுகுகிறது? நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். ஆப் போட்டவுடன் ஒரு பெட்டி வரும்: இந்த ஆப் எப்போதும் பின்னணியில் ஓட அனுமதிக்கவா? அதில் ‘அலோ’வை அழுத்திவிட்டால் டோஸ் போட்ட தடையில் பெரும்பகுதி அந்த ஆப்புக்கு இல்லை. இருப்பிடத்துக்கு ‘எல்லா நேரமும்’ என்று கொடுத்துவிட்டால் இன்னொரு கதவும் திறந்துவிடும். உங்கள் போனில் குறைந்தது மூன்று ஆப்களுக்கு இந்த இரண்டு கதவுகளில் ஒன்றாவது திறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பையன் போட்டுக்கொடுத்த இரண்டையும் நீக்குங்கள். அவன் உதவி செய்யத்தான் நினைத்தான், அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் பேட்டரி சேவர், கிளீனர், பூஸ்டர் என்ற பெயரில் வரும் ஆப்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களை அடித்து நிறுத்தி, நினைவகம் காலியாகிவிட்டது என்று ஒரு படம் காட்டும். நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறுத்தப்பட்ட ஆப் சும்மா இருக்காது, கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து மறுபடி எழுந்து வரும். அதற்குக் கூடுதல் மின்சாரம். மறுபடி கிளீனர் அடிக்கும், மறுபடி எழும். இதற்காகக் கிளீனர் தானும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும், இடையில் விளம்பரங்களையும் இறக்கிக்கொள்ளும். நீங்களே கையால் ஆப்களை மேலே தள்ளி மூடுவதும் இதே கணக்குத்தான். 2016-ல் ஒருவர் ஆப்பிளுக்குக் கடிதம் எழுதி, ஆப்களை மூடிக்கொண்டே இருந்தால் பேட்டரி மிச்சமாகுமா, நீங்கள் அப்படிச் செய்வதுண்டா என்று கேட்டார். ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டுக்கும் இல்லை என்று பதில் எழுதினார். ஆண்ட்ராய்டு பக்கத்திலிருந்து ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார்.

அடுத்து அந்த ஃபேமிலி லொகேஷன் ஆப். என் சந்தேகம் பெருமளவு இதன் மேல்தான். இதை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். நெடுஞ்சாலையில் இருக்கும் மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்குத் தெரியவேண்டும்? வீட்டில்தான் இருக்கிறீர்கள். இந்த ஆப்கள் போட்டவுடன் இரண்டு பக்கமும் ஒரேபோல அனுமதி கேட்கும். நாமும் இரண்டு போனிலும் ஒரேபோலக் கொடுத்துவிடுகிறோம். இருப்பிடத்தை அனுப்பவேண்டியது அவர் போன். உங்கள் போன் வாங்கிப் பார்த்தால் போதும்.

அதிலும் உங்கள் போன் எங்கே கிடக்கிறது என்பது முக்கியம். கான்கிரீட் கூரைக்குக் கீழே, உள் அறையில். ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரியவேண்டும். வெளியில் சில நொடியில் செயற்கைக்கோள்களைப் பிடித்துவிட்டு அணைந்துவிடும். உள்ளே கிடந்தால் தேடிக்கொண்டே இருக்கும், கிடைக்காமல் விட்டு, மறுபடி தேடும். வண்டியில் ஓடுகிற உங்கள் கணவரின் போனைவிட அலமாரியில் கிடக்கும் உங்கள் போன் இதில் அதிகம் கஷ்டப்படலாம். அவர் போன் கேபினிலேயே சார்ஜரில் இருக்கும், அதற்குக் கவலையில்லை.

அதனால் உங்கள் போனில் அந்த ஆப்பை அழுத்திப் பிடித்து, ‘ஆப் இன்ஃபோ’, அதில் ‘பெர்மிஷன்’, அதில் ‘லொகேஷன்’ போங்கள். ‘எல்லா நேரமும்’ என்று இருந்தால் ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். ஆப் முனகும், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டும். காட்டட்டும். உங்கள் கணவரின் புள்ளி வரைபடத்தில் வழக்கம்போல நகரும், நீங்கள் திறந்து பார்க்கும்போது தெரியும். உங்கள் புள்ளி மட்டும் பழைய இடத்தில் நிற்கும். அந்த ஆப்புக்கு இது ஒத்துவரவே இல்லை என்றால் வாட்ஸ்அப்பிலேயே அவர் லைவ் லொகேஷன் அனுப்பலாம், ஒரு தடவைக்கு எட்டு மணி நேரம் வரை ஓடும். வண்டி எடுக்கும்போது ஒருமுறை அழுத்தினால் அன்றைய ராத்திரிக்குப் போதும்.

இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். ஒரே நாளில் பத்து இடத்தைத் தட்டினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும், அப்புறம் மறுபடி வந்தால் முதலிலிருந்து தேடவேண்டும். படுக்கும்போது சதவீதத்தை அளவு நோட்டில் எழுதி வையுங்கள், காலையில் எழுந்தவுடன் மறுபடி எழுதுங்கள்.

காலையில் செய்யவேண்டியது இன்னொன்றும் உண்டு. சார்ஜ் போடுவதற்கு முன்னால் அமைப்புகளில் பேட்டரி, அதில் பேட்டரி உபயோகம் என்ற பக்கத்தைத் திறங்கள். ஆப்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் தொட்டால் திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். சதவீதத்தைவிட இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். நீங்கள் திறக்கவே திறக்காத ஆப், பின்னணியில் நாலு மணி நேரம் என்று காட்டினால் ஆள் சிக்கிவிட்டது. அந்தப் பட்டியலில் ‘கூகுள் பிளே சர்வீசஸ்’ மேலே நின்றால் பயந்து அதை முடக்கிவிடாதீர்கள். அது ஊர்த் தபால்காரர்போல. மற்ற ஆப்கள் இருப்பிடம் கேட்பதும், செய்திகள் வந்து சேர்வதும் அதன் வழியாகத்தான். அது களைத்திருக்கிறது என்றால் அதை ஓட ஓட விரட்டியவர் வேறு யாரோ. அதை முடக்கினால் வாட்ஸ்அப் அழைப்பே வராமல் போகலாம்.

உங்கள் போன் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் என்றால் படுக்கும் முன்னால் இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. திரையை மேலிருந்து இரண்டு தடவை கீழே இழுங்கள். அடியில் இத்தனை ஆப்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று சின்ன எழுத்தில் தெரியும். அதைத் தொட்டால் பெயரோடு பட்டியல் வரும், பக்கத்திலேயே ‘ஸ்டாப்’ இருக்கும். ராத்திரி பத்தரைக்கு அந்தப் பட்டியலில் இருக்க நியாயமே இல்லாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்கிய ஆப்பை என்ன செய்வது? தேவையில்லாதது என்றால் நீக்கிவிடுங்கள். தேவை என்றால் அதன் ‘ஆப் இன்ஃபோ’வில் பேட்டரி என்று ஒரு வரி இருக்கும். அன்ரெஸ்ட்ரிக்டெட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டெட் என்று மூன்று தேர்வுகள். துணி வாங்கும் ஆப், விளையாட்டு, செய்தி, இவற்றை ரெஸ்ட்ரிக்டெடில் போடலாம், ஒன்றும் குறையாது. சாம்சங் போனில் ‘டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ என்றும், ஷாவ்மி போனில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்றும் கூடுதலாக ஒரு இடம் இருக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ரெஸ்ட்ரிக்டெடில் தள்ளாதீர்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அலாரத்தையும் மாத்திரை நினைவூட்டலையும் சேர்த்து முடக்கிவிட்டு, மறுநாள் பதறிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது சர்க்கரை அளவு பார்க்கும் ஆப், மருந்து நேரம் சொல்லும் ஆப், தனியாக இறக்கிய அலாரம் ஆப் இருந்தால் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். வாட்ஸ்அப்பையும் அப்படியே ஆப்டிமைஸ்டில் விடுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு எப்படி வரும் என்ற கவலை உங்களுக்கு இருக்கும், அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். வாட்ஸ்அப் உங்கள் அழைப்புக்காக ராத்திரி முழுக்க விழித்திருப்பதில்லை. எல்லா ஆப்களுக்கும் பொதுவாகக் கூகுள் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. அழைப்பு வந்தால் அவசரம் என்ற முத்திரையோடு அதன் வழியாக ஒரு சின்னச் செய்தி வரும். டோஸில் ஆழ்ந்து தூங்கும் போனையும் அந்த முத்திரை எழுப்பிவிடும். அதனால் மற்ற ஆப்களை எவ்வளவு அடக்கினாலும் உங்கள் கணவரின் அழைப்புக்கு வழி மூடாது. நெட்டை அணைத்தால்தான் மூடும். சாதாரண சிம் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் இந்த விஷயத்துக்குள்ளேயே வராது, அவை மோடம் வழியாக நேராக வந்துவிடும்.

இவ்வளவும் செய்து இறக்கம் 37-லிருந்து பத்துக்குக் கீழே வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. பதினைந்து, இருபது என்று நடுவில் நின்றால் அடுத்த சந்தேகம் சிக்னல். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர்களில் இது நிறைய உண்டு. டவர் தூரமாக இருந்தால் போன் கத்திப் பேசவேண்டும். அனுப்பும் சக்தியை மோடம் தேவைக்கேற்பக் கூட்டிக்கொண்டே போகும், 4ஜியில் ஏறக்குறைய 200 மில்லிவாட் வரை. சின்னச் சின்ன ஆப் வேலைகள் இதில் எப்படிக் கெடுதல் செய்யும் என்றால், ஒரு சின்னச் செய்தி போய்வந்த பிறகும் மோடம் உடனே அடங்காது. அடுத்தது வருமோ என்று சில நொடிகள் விழித்தே இருக்கும். ஒவ்வொரு பிளவுஸாக வரவர அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி, தேய்த்து, அணைத்து, பத்து நிமிஷம் கழித்து அடுத்த பிளவுஸுக்கு மறுபடி சூடாக்கினால் கரண்ட் பில் என்ன ஆகும்? பத்துப் பிளவுஸையும் சேர்த்து வைத்து ஒரே சூட்டில் முடிப்பீர்கள். டோஸ் செய்ய நினைப்பது அதைத்தான். சொல்பேச்சுக் கேட்காத ஆப்கள் அதைக் கெடுக்கின்றன. சிக்னலும் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் செலவு இன்னும் கூடும்.

உங்கள் அறையில் சிக்னல் எப்படி என்று எண்ணாகவே பார்க்கலாம். அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று இருக்கும், அதில் சிக்னல் வலிமை மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 90 அல்லது அதைவிடச் சின்ன எண் என்றால் நன்றாக இருக்கிறது. மைனஸ் 110-ஐத் தாண்டிப் போனால் பலவீனம். மைனஸ் என்பதால் எண் பெரிதாக ஆக சிக்னல் குறைகிறது, குழம்பிவிடாதீர்கள். படுக்கும் இடத்தில் ஒருமுறை, தெருப்பக்க ஜன்னலில் ஒருமுறை பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ராத்திரி போனை ஜன்னல் பக்கம் வைத்து, ரிங் சத்தத்தை முழுசாகக் கூட்டிவிடுங்கள். 5ஜி வந்து வந்து போகிற இடமாக இருந்தால் நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்திவிடுங்கள், அழைப்புக்கு அது தாராளம்.

இன்னொன்று, உங்கள் போனில் இரண்டாவது சிம் இருக்கிறதா? ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம் பலர் போனில் அப்படியே கிடக்கிறது. சேவை கிடைக்காத சிம்முக்காகவும் போன் டவர் தேடும். அப்படி ஒன்று இருந்தால் சிம் அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள், கழற்றக்கூட வேண்டாம்.

வாட்ஸ்அப் பேக்அப்பையும் ஒருமுறை பாருங்கள். அது வழக்கமாக ராத்திரி இரண்டு மணி வாக்கில்தான் ஓடும். வீடியோவையும் சேர்த்து, மொபைல் டேட்டாவிலேயே ஏற்று என்று போட்டிருந்தால் பலவீனமான சிக்னலில் அது விடிய விடிய மூச்சிரைக்கும். வீடியோவை எடுத்துவிடுங்கள், வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் டிசைன் படங்கள் வீடியோ இல்லாமலே பத்திரமாக ஏறும்.

இவை எதிலும் பிடிபடவில்லை என்றால் இரண்டு சோதனை மிச்சம் இருக்கிறது. இரண்டையும் பகலில், கடையில் மிஷின் ஓடும்போது செய்யுங்கள். மூன்று மணி நேரம் போதும். முதல் சோதனைக்குப் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஓரமாக வையுங்கள். ஒன்று அல்லது இரண்டு சதவீதத்துக்குமேல் இறங்காவிட்டால் பேட்டரியும் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் நன்றாக இருக்கின்றன, கோளாறு நெட்டைத் தேடும் ஆப்களிலோ சிக்னலிலோதான். அப்போதும் வேகமாக இறங்கினால் இன்னொரு நாள் சேஃப் மோடில் இதே சோதனையைச் செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, வரும் ‘பவர் ஆஃப்’ மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தால் பெரும்பாலான போன்களில் சேஃப் மோட் கேட்கும். அதில் நீங்கள் இறக்கிய ஆப் எதுவும் ஓடாது, வாட்ஸ்அப் உட்பட. அதனால் உங்கள் கணவர் கூப்பிடும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். சேஃப் மோடில் சரியாக இருந்தால் இறக்கிய ஆப்களில் ஒன்று குற்றவாளி. கடைசியாக இறக்கியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

சேஃப் மோடிலும் ஏரோபிளேன் மோடிலும், எதுவும் ஓடாதபோதும், போன் சூடாகி வேகமாக இறங்கினால் மட்டும் போர்டில் எங்கோ கசிவு இருக்கலாம். அப்போது கடைக்குப் போகலாம். பேட்டரி மாற்றவேண்டும் என்று யாராவது மறுபடி சொன்னால், போன் சும்மா கிடக்கும்போது எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்த மெக்கானிக் அதைக் காட்டத் தயங்கமாட்டார். போன தடவை போட்ட பேட்டரி பின்பக்கத்தைத் தூக்குவதுபோல உப்பினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், சார்ஜ் போடாமல் அன்றே எடுத்துவிடவேண்டும்.

கடைசியாக, எல்லாம் மாற்றி முடித்த பிறகு ஒரு ஒத்திகை பாருங்கள். ஒருநாள் உங்கள் போனை இரண்டு மணி நேரம் தொடாமல், சார்ஜரில் இல்லாமல், மேஜையில் வையுங்கள். அது நன்றாகத் தூங்கிய பிறகு உங்கள் கணவரை வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். உடனே ரிங் அடித்தால் இந்த அமைப்பை அப்படியே விட்டுவிடலாம். தாமதமாக அடித்தாலோ, அடிக்காமல் தவறிய அழைப்பு என்று காட்டினாலோ, வாட்ஸ்அப்பை மட்டும் அன்ரெஸ்ட்ரிக்டெடுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஒத்திகை பாருங்கள். அந்த ஒரு ஆப்புக்காக ராத்திரி ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகப் போனாலும் போகட்டும். நோட்டில் எழுதிய எண்களையும், போனின் மாடலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.